உடம்பின் கெழு

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் சொல்லும் எண்ணை அவர்கள் நம்பமாட்டார்கள். கடைக்காரர் மொத்தம் சொன்னால் மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள். பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கண்டக்டர் சொன்னால் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். அஃப்ரீனுக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது. நன்னிலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வருடக்கணக்காகப் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறவள் அவள். தஞ்சாவூர் மருத்துவமனையில் டாக்டர் சொன்ன எண்ணையும் அவள் நம்பவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

கழுத்தில் பட்டாணி அளவு கட்டி. தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருப்பதை எரிக்கக் கதிர்வீச்சு அயோடின் கொடுத்தார்கள். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை, விழுங்க ஒரே ஒரு மாத்திரை. ஆனால் அதை விழுங்கிய பிறகு அவள் உடம்பே கதிர் வீசும். அதனால் ஈயத் தகடு பதித்த கதவுக்குப் பின்னால் தனி அறை. அன்று சாயங்காலம் ஒரு பையன் வாசலோடு நின்று கையில் மீட்டரை நீட்டிப் பிடித்து, "இருநூறு மேடம்" என்றான். இரண்டு நாள் கழித்து அதே நேரத்துக்கு வந்து, அதே இடத்தில் நின்று, "நாற்பது. ஐம்பதுக்குக் கீழ வந்தாச்சு. வீட்டுக்குப் போகலாம்" என்றான். அவள் காதில் விழுந்தது 'வீட்டுக்கு' என்ற சொல் மட்டும்தான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். பெரியவர்களிடமிருந்து ஒரு வாரம் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து இரண்டு வாரம். அதற்குப் பிறகு வழக்கம்போல் இருக்கலாம்.

அஃப்ரீன் தலையை ஆட்டினாள். காரில் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வரும்போது, வலங்கைமான் தாண்டுவதற்குள் மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த அயோடினின் அரைவாழ்வு எட்டு நாள். இதை அவள் வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப் போடுகிறாள். எட்டு நாளில் பாதி, இன்னொரு எட்டில் கால்வாசி. டாக்டர் சொல்லும் ஒரு வாரத்தில் பாதிகூடப் போகாது. ஆயிரம் பேருக்குச் சொல்கிற வாய், எல்லாருக்கும் ஆறுதலாக ஒன்றைச் சொல்லி அனுப்புகிறது என்று நினைத்தாள். ஐந்து அரைவாழ்வு போனால்தான் முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். எட்டைந்து நாற்பது.

நாற்பது நாள் என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த எண் அந்த வீட்டுக்குப் புதிதில்லையே. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் தனியாகப் படுக்கிறாள், நாற்பதாம் நாள் தலை முழுகி வெளியே வருகிறாள். மௌத்தான வீட்டில் இறந்தவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிறார்கள். கணிதத்தில் தானாக விழுந்த எண்ணும் வழக்கத்தில் இருந்த எண்ணும் ஒன்றாக வந்து நின்றதும் அது மார்க்கமே சொன்னது மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தேழு என்றோ நாற்பத்திரண்டு என்றோ வந்திருந்தால் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார்கள்.

"டாக்டர் ஊருக்கெல்லாம் சொல்றவரு. எம்புள்ள நமக்குன்னு கணக்குப் போடுது" என்று அப்துல் ஹமீது பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அஃப்ரீனின் அத்தா. சாக்கு வியாபாரி. நெல் கொள்முதல் காலத்தில் அந்தப் பக்கத்துக் களங்களுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் சாக்கு போகும். வீட்டுக்குப் பின்னால், கொல்லையைத் தாண்டி, சாக்கு அடுக்கி வைக்கும் அறை ஒன்று இருந்தது. தை மாதம், சம்பா அறுவடை. சாக்கெல்லாம் களத்துக்குப் போய் அறை முக்கால்வாசி காலி. அதைக் கழுவி, கட்டில் போட்டு, மகளுக்குக் கொடுத்தார். கழுவினாலும் சணல் வாசனை போகவில்லை.

கொல்லையின் நடுவே, தென்னை மரத்துக்கும் அடிபம்புக்கும் இடையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு சணல் கயிறு கட்டினார். சாக்கு மூட்டையைக் கட்டும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுவது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் அஃப்ரீன். கயிற்றோரம் ஒரு ஸ்டூல். சாப்பாட்டை அதில் வைத்துவிட்டு அவர்கள் உள்ளே போன பிறகு இவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால் பர்வினுக்காக. அஃப்ரீனின் தங்கை, ஏழு மாதம், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். அஃப்ரீனுக்கு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு இல்லை. கத்தாரில் இருக்கும் புருஷன் ஆஸிம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததே அவளுக்குப் பாரமாக இருந்தது. தங்கை வயிற்றில் இருப்பதற்குத் தன்னால் ஒரு நகக்கீறல்கூட விழுந்துவிடக் கூடாது என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்துக்குத்தான் அவள் கணக்கு என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்த ஏற்பாட்டில் எவருக்கும் கஷ்டம் இல்லை, ஒருத்தியைத் தவிர.

அஃப்ரீனின் தாய் மெஹராஜ் பேகத்துக்கு இதயம் பலவீனம். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். அந்தக் காலை இழுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கொல்லைக்கு வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அறை வாசலில் மகள், கயிற்றோரம் தாய். இடையில் பதினைந்து அடி கொல்லை.

"இந்தக் கழுத்துத் தையல் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா."

"திரும்பிக் காட்டு."

திரும்பிக் காட்டுவாள். அத்தனை தூரத்திலிருந்து அந்தக் கண்ணுக்கு என்ன தெரியும். ஆனாலும் தாய் உற்றுப் பார்த்து, "ம்" என்பார்.

ஒன்பதாம் நாள் அவர் நாற்காலி கொண்டு வரவில்லை. கையில் ஒரு கிண்ணம் இருந்தது. தேங்காய்ப்பால் விட்ட வெந்தயக் கஞ்சி. மகளுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து தன் கையால் எதுவும் செய்து கொடுக்கவில்லை என்று காலையிலேயே அடுப்படியில் போய் நின்றிருக்கிறார், பர்வின் தடுத்தும் கேட்காமல். கயிற்றருகே வந்தவர் ஸ்டூலில் கிண்ணத்தை வைக்கவில்லை. இன்னொரு கையால் கயிற்றைத் தூக்கிக் குனிந்தார்.

"அம்மா, தாண்டாதீங்க."

"சூடு ஆறிடும். கையில குடுத்துட்டுப் போறேன்."

"ஸ்டூல்ல வைங்க. நான் எடுத்துக்கறேன்."

"எனக்கென்னடி ஆவப்போவுது இனிமே? என் உடம்பு இருக்கற லட்சணத்துக்கு உன் மருந்து வந்து என்ன பண்ணிடும்? ஒரு தடவ உன் தலையத் தடவிட்டுப் போயிடறேன். மனசு கெடந்து அடிச்சுக்குது."

அவர் கேட்டது அது ஒன்றுதான். தலையைத் தடவ வேண்டும் என்பதுதான்.

அஃப்ரீன் அறைக்குள் ஓரடி பின்னால் போனாள். கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்காகச் சொல்லலம்மா. பர்வின் உங்க கட்டில்லதான் படுக்குறா. என் வேர்வை உங்க கையில ஒட்டும், அந்தக் கையால அவளத் தொடுவீங்க. இன்னும் முப்பத்தொரு நாளு. கணக்குப் போட்டு வச்சிருக்கேன். பொறுத்துக்குங்க."

மெஹராஜ் பேகம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். மூச்சு வாங்கியது. கோபம் இல்லை, ஆனால் முகம் சின்னதாகப் போயிற்று.

"உன் கணக்குல நான் எங்கடி இருக்கேன்?" என்றார்.

அவர் கயிற்றை விட்டார். கிண்ணத்தை ஸ்டூலில் வைத்து, ஈ விழாமல் முந்தானை நுனியால் மூடப் பார்த்தார். அது உடுத்தியிருக்கும் முந்தானை என்று நினைவு வந்து, தட்டு ஒன்று எடுத்து வரச் சொல்லிப் பர்வினைக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பிப் போனார். அஃப்ரீன் கஞ்சியைக் குடித்தாள், நன்றாக இருந்தது. நாற்பதாம் நாள் போய் மடியில் படுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பத்தாம் நாளும் பதினோராம் நாளும் தாய் எழுந்து வரவில்லை. போனில் பேசினார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காலையில் டீயை இரண்டு வாய் குடித்தார். தம்ளரைப் பர்வினிடம் நீட்டினார். பர்வின் வாங்குவதற்குள் சாய்ந்துவிட்டார்.

பர்வினின் குரல் கேட்டு அஃப்ரீன் ஓடி வந்தாள். கொல்லையைக் கடந்து, காலில் செருப்பில்லாமல், கயிறு வரை. கயிறு வயிற்றில் பட்டதும் நின்றுவிட்டாள். பெற்றவளுக்கு உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவள் ஒரு சணல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். உள்ளேயிருந்து அத்தா கலிமா சொல்லிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அவர் நிறுத்திவிட்டார்.

பள்ளிவாசல் மைக்கில் மௌத்து அறிவிப்பு போயிற்று. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் சைனம்பு மாமியும் வந்தாள். அந்த மஹல்லாத் தெருக்களில் இறந்த பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்ட முன்னால் நிற்கிறவள் அவள்தான். கை சுத்தம், வாய் கண்டிப்பு. கொல்லையில் விறகு மூட்டி, அண்டாவில் தண்ணீர் ஏற்றி, இலந்தை இலையைக் கொண்டுவந்து போடச் சொன்னாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அஃப்ரீனைப் பார்த்தாள்.

"உங்கம்மா எங்கிட்ட சொல்லி வச்சிருக்கா, ஒரு தடவ இல்ல பத்து தடவ. எம்மேல ஊத்தற தண்ணி எம் மூத்தவ கையாலதான் ஊத்தணும்னு. நீ வரப்போறியா இல்லையா?"

அஃப்ரீனிடமும்தான் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டில் ஒரு மௌத்தின்போது, திரும்பி வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "என்னைக் கண்டவங்க கையில விட்டுடாத. நீ குளிப்பாட்டு. நீ பொறந்தப்ப நான் குளிப்பாட்டுனேன்ல, அந்தக் கடன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்துல் ஹமீது அடுப்படி வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "அது வரக்கூடாது சைனம்பு மச்சி. நாற்பது நாள் ஆவல. பர்வின் இருக்கா, இத்தனை பொம்பளைங்க இருக்கீங்க. நீங்களே பாருங்க" என்றார். மகளைக் காப்பாற்றிப் பேசுகிறோம் என்றுதான் அவர் நினைத்தார். எந்த எண்ணை அவள் கொடுத்தாளோ அதை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் வரேன்" என்று உள்ளேயிருந்து பர்வின் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

அஃப்ரீன் அறைக்குத் திரும்பினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பர்வினை ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முடியுமா? பர்வின் போகமாட்டாள். அவள் அங்கேயே நின்றால் எவ்வளவு ஆபத்து? இன்றைக்கு, இந்த நேரத்தில், தன் உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பது என்று ஒரு முடிவைப் போட்டு வைத்தாளே தவிர, 'இன்று எவ்வளவு' என்று பார்க்கவே இல்லை.

மூலையில் ஒரு கட்டு வெள்ளைச் சாக்கு கிடந்தது. ஒன்றை உருவி மடியில் விரித்தாள். சாக்குக்கு எண் போட அத்தா வைத்திருந்த தடிமனான மார்க்கர் ஜன்னல் மேடையில் இருந்தது. ஆரம்ப அளவை எழுதி, அதை அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கினாள். அடுக்கில் கழித்தல் குறி, குறையும் வேகத்தைச் சொல்லும் கெழு, பக்கத்தில் நாள். வகுப்பில் எழுதுகிற அதே வரிதான். கெழுவின் இடத்தில் அரைவாழ்வு எட்டு நாளுக்குரியதைப் போட்டாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நாற்பது. இன்று பதினான்கு. பர்வினுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாத அளவு.

பதினான்கு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கை முடித்ததும் விடையைத் திரும்ப வைத்துச் சரிபார்க்கச் சொல்வது அவள் பழக்கம். பிள்ளைகளைத் திட்டித் திட்டிச் செய்ய வைப்பாள். கை தானாகவே அதைச் செய்தது. சரிபார்க்க ஒரு தகவல் வேண்டும். என்ன தகவல் இருக்கிறது? மீட்டர் பிடித்த பையன் முதல் நாள் சொன்ன இருநூறு.

இருநூற்றில் ஆரம்பித்து இரண்டு நாள் போட்டாள். நூற்று அறுபத்தெட்டு வந்தது.

ஆனால் அந்தப் பையன் நாற்பது என்றான். அவள் காதுபடச் சொன்னான். அதைக் கேட்டுத்தான் அவள் பெட்டியைக் கட்டினாள்.

மார்க்கர் சாக்கின் மேல் நின்றது. நூற்று அறுபத்தெட்டு எங்கே, நாற்பது எங்கே. எட்டு நாளில் பாதியாகிற பொருள் இரண்டே நாளில் ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்றால் அது சிதைந்து மட்டும் போகவில்லை, உடம்பு அதை வெளியே தள்ளியிருக்கிறது. எட்டு நாள் என்பது அயோடினின் கணக்கு. குப்பியில் அடைத்து அலமாரியில் வைத்த அயோடினின் கணக்கு. அவள் குப்பி இல்லை. அவளுக்குச் சிறுநீரகம் இருக்கிறது, வேர்வை இருக்கிறது, குடம் குடமாகக் குடித்த தண்ணீர் இருக்கிறது. பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய சுரப்பியைத்தான் எடுத்துவிட்டார்களே.

'கெழுவை நீயாகப் போடாதே. புத்தகத்தில் பார்த்து எழுதாதே. கணக்கில் இரண்டு தகவல் கொடுத்திருப்பான், அதிலிருந்து எடு.' இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டையே கட்டியிருக்கிறது. இரண்டு தகவல் அவளுக்கும் கொடுத்திருந்தார்கள். அவள் புத்தகத்தில் பார்த்து எழுதியிருந்தாள்.

இருநூற்றில் நாற்பது ஐந்தில் ஒன்று. ஐந்தின் இயல் மடக்கையை இரண்டால் வகுத்தால் புள்ளி எட்டு. அதுதான் கெழு. அவளுடைய உடம்பின் கெழு. அவள் போட்டு வைத்திருந்ததைப்போல ஒன்பது மடங்கு. ஒரு நாளுக்குள்ளாகவே பாதி போய்விடும். நாற்பதிலிருந்து நாள் நாளாகக் கீழே இறங்கினாள். ஐந்தாம் நாள் ஒன்றுக்கும் குறைவு. ஏழாம் நாள், சும்மா இருக்கும் மண்ணிலும் செங்கல்லிலும் எவ்வளவு உண்டோ அவ்வளவு. எட்டாம் நாள் அதுவும் இல்லை.

ஒன்பதாம் நாள் என்று எழுதினாள். எதிரே எண் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் அவள் யாருக்கும் எதுவும் செய்யக்கூடியவளாக இல்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த தாய் கயிற்றைத் தாண்டியிருக்கலாம். தலையைத் தடவியிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் சாய்த்துக்கொண்டு, மூன்று நாள் வேண்டுமானாலும் தடவியிருக்கலாம். ஒரு வாரம் என்று டாக்டர் சொன்னது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு இல்லை.

இரண்டு புள்ளியை வைத்துக் கோடு இழுப்பதில் தப்பு வரலாம் என்று ஒரு நப்பாசை. ஆமாம், நப்பாசைதான். தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு டீச்சர் ஆசைப்பட்டாள். டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சுரப்பி எடுத்தவங்களுக்கு அயோடின் தங்க இடமே கிடையாதும்மா. ரொம்பக் கொஞ்சம் நிக்கும், அதுவும் போயிடும். நாங்க சொன்ன ஒரு வாரம், ரெண்டு வாரமெல்லாம் தாராளமாப் போட்டதுதான். இன்னிக்கு உங்க தங்கச்சி பக்கத்துல நின்னாலும் பயமில்ல. அம்மா காரியத்தப் பாருங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "நீங்க இன்னும் தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள்.

கயிற்றருகே வந்தபோது அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்துல் ஹமீது அடுப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தார்.

"அத்தா."

அவர் நிமிர்ந்தார்.

"நான் வரலாம். அம்மாவ நான் குளிப்பாட்டலாம்."

"நாற்பது ஆவலையேம்மா."

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். டாக்டர் இன்றைக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம், அது முழுப் பொய்கூட இல்லை. மருந்து சீக்கிரம் இறங்கிவிட்டது என்று சொல்லலாம். அத்தா நம்புவார். கடைசி வரை தன் மகளின் கணக்கில் பிசகு இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அஃப்ரீனின் நாக்கு வரை வந்தது. ஆனால் அந்தப் பொய்க்குள் ஒன்பதாம் நாளும் சேர்ந்து புதைந்துவிடும். கயிற்றைத் தூக்கிக் குனிந்த அந்த மனுஷி வீம்புக்கு வந்ததாகவே அந்த வீட்டில் பேசப்படுவார்.

"நாற்பது தப்புத்தா. நான் போட்ட கணக்கு தப்பு. ஏழு நாள்லயே சரியாப் போயிடுச்சு. டாக்டர் சொன்னதுதான் சரி." அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அம்மா கஞ்சி எடுத்துட்டு வந்தாங்கள்ல, அன்னைக்கு அவங்க வந்திருக்கலாம். ஒண்ணும் ஆயிருக்காது. நான்தான் வரவிடல."

அப்துல் ஹமீது அவளையே பார்த்தார். அவர் முகத்தில் அந்தச் செய்தி உள்ளே இறங்குவது தெரிந்தது. அவரும்தானே மனைவியிடம் சொல்லியிருக்கிறார், 'புள்ளைய தொந்தரவு பண்ணாத, அது கணக்குப் போட்டு வச்சிருக்கு' என்று. எத்தனை தடவை சொன்னாரோ அவருக்குத்தான் தெரியும்.

அவர் எழுந்து கயிற்றிடம் வந்தார். தென்னை மரத்தில் தான் போட்ட முடிச்சைப் பிடித்தார். ஆயுசு முழுக்க அந்த முடிச்சைப் போட்டும் அவிழ்த்தும் பழகிய கை. அன்றைக்கு அவிழவில்லை. விரல் கயிற்றிலேயே வழுக்கியது. அஃப்ரீன் குனிந்து நுழைந்து வந்திருக்கலாம், ஆனால் அவள் நின்றாள். அவர் இடுப்பிலிருந்து சாக்கு அறுக்கும் கத்தியை எடுத்தார். கயிறு ஒரே இழுப்பில் அறுந்து தரையில் விழுந்தது.

"போம்மா. தண்ணி ஆறிடப் போவுது" என்றார்.

கொல்லையின் ஒரு மூலையில் நாலு பக்கமும் சேலையால் திரை பிடித்திருந்தார்கள். மெஹராஜ் பேகத்தைப் பலகையில் கிடத்தி, மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது. பர்வின் வேண்டாம் என்றாலும் கேட்காமல் திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கடக்கும்போது அஃப்ரீன் பழக்கத்தில் ஒதுங்கினாள். பர்வின் திரையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் அக்காவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். பன்னிரண்டு நாளில் அவளைத் தொட்ட முதல் கை அது.

"வலப்பக்கத்துலேருந்து ஆரம்பி. பிஸ்மி சொல்லு. கண்ணீர் மய்யித்து மேல விழக்கூடாது" என்று சைனம்பு மாமி சொம்பைக் கையில் கொடுத்தாள்.

அஃப்ரீன் ஊற்றினாள். வலக் கை, வலத் தோள், வீங்கிய வலக் கால். பிறகு இடம். சைனம்பு மாமி புரட்டச் சொன்னபோது புரட்டினாள், துடைக்கச் சொன்னபோது துடைத்தாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் போட்டிருந்தது. கயிற்றைத் தூக்கிப் பிடித்த அந்தக் கையின் விரல் இடுக்குகளில் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அடுப்படியில் சுட்டுக்கொண்ட ஒரு புதுத் தழும்பு கட்டைவிரலில் இருந்தது. கஞ்சி காய்ச்சிய அன்றைக்குப் பட்டதாகத்தான் இருக்கும். உங்கள் கணக்கில் நான்தானம்மா இருந்தேன், என் கணக்கில் என் உடம்பைக்கூட நான் வைக்கவில்லை, அது நீங்கள் கொடுத்த உடம்பு என்று மனசுக்குள் சொன்னாள். அதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

முடியைத் துவட்டி, மூன்றாகப் பிரித்துப் பின்னச் சொன்னார்கள். நரைத்து மெலிந்த முடி. அஃப்ரீன் தாயின் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். சிக்கெடுத்தாள். ஒரு பின்னல் போட்டாள். இரண்டாவது போட்டாள். மூன்றாவதைப் பின்னாமல் உச்சியிலிருந்து நெற்றி வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

வெளியே ஆண்கள் வந்து சேரும் சத்தம் கேட்டது. மய்யித்தைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பாங்கு சொல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பின்னி முடி புள்ள. ஜமாத்து காத்துக்கிட்டு இருக்கு" என்றாள் சைனம்பு மாமி.

"இன்னும் கொஞ்ச நேரம் மாமி."

வாய் கண்டிப்புக்குப் பேர்போன அந்த மாமி, மய்யித்தைச் சுற்ற வேண்டிய கஃபன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.